பாதியில் மூடிய புத்தகம் எது? புத்தகம் சிபாரிசு செய்யப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மாட்டுத் தரகர். சித்திரையில் கண்ணபுரம், ஆடியில் அந்தியூர் என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தை சந்தையாகத் திரிந்தவர். மாடு வாங்க வந்தவரிடம் அவர் எடுத்த எடுப்பில் மாட்டைக் காட்டி நான் பார்த்ததில்லை. எத்தனை ஏக்கர், கிணற்றுப் பாசனமா மானாவாரியா, வீட்டில் மாடு பார்க்க ஆள் உண்டா என்று விசாரிப்பார். கடைசியில் ஒரு கேள்வி வரும்: "போன மாட்டை எதற்காக விற்றாய்?" அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எழுந்து நடப்பார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயதை அறிய மாட்டுக்குப் பல் பார்க்கக்கூடத் தெரியாது. ஆனால் ஊத்துக்குளிப் பக்கம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும் சிறிய வாசகர் வட்டத்தில் பல வருடங்களாக இருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மனக்குறையைச் சொல்கிறார்கள்: "எனக்கு உயிரான புத்தகத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். ஒருவரும் படிக்கவில்லை." நானும் அப்படி எத்தனையோ புத்தகங்களை வீணாகச் சிபாரிசு செய்தவன்தான். அப்புச்சியின் அந்தக் கடைசிக் கேள்வியைப் புத்தகத்துக்குத் திருப்பிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நிலைமை கொஞ்சம் மாறியது. அதை எப்படிச் செய்வது என்பதைப் புதியவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அலமாரிக்குப் பல் பாருங்கள்

அடுத்தவரிடம் போவதற்கு முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நீங்கள் படித்து முடித்தவற்றில் யாருக்காவது சொல்லலாம் என்று தோன்றும் இருபது புத்தகங்களை அதில் எழுதுங்கள். இருபது தேறவில்லை என்றால் பத்து போதும். கதைச் சுருக்கம் எழுத வேண்டாம். அது பின்னட்டையிலேயே இருக்கிறது. எத்தனை பக்கம், எந்தப் பக்கத்தில் புத்தகம் உங்களைப் பிடித்து இழுத்தது, எங்கே கொட்டாவி வந்தது, கொடுக்கும்போது எதைப் பற்றி எச்சரிக்க வேண்டும் என்பவை மட்டும் இருக்கட்டும்.

எந்தப் பக்கத்தில் பிடித்தது என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். பருமனைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுவார்கள். ஆனால் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் 'கல்கி' இதழில் தொடராக வந்த கதை அது. அடுத்த வாரம்வரை வாசகரைக் காத்திருக்க வைக்க வேண்டுமே என்ற கட்டாயம் அத்தியாயத்துக்கு அத்தியாயம் தெரியும். பயப்படுகிறவரிடம் இதைச் சொன்னால் பாதிப் பயம் இறங்கிவிடும். இன்னொரு பக்கம், இருநூறு பக்கத்துக்குள் அடங்கிவிடும் சில நாவல்கள் முதல் ஐம்பது பக்கம் சேற்றில் மாட்டிய வண்டிபோல அசையவே அசையாது. ஐம்பதைத் தாண்டிவிடு என்று சொல்லிக் கொடுக்காவிட்டால் நாற்பத்தைந்தில் மூடிவிடுவார்கள்.

எச்சரிக்கைக் குறிப்பின் அருமையை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004இல் வந்த நாவல். சத்தியமங்கலம் பக்கத்து மலைக்காட்டில் வாழும் சோளகர்களின் வாழ்க்கையையும், வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில் அவர்கள் பட்ட சித்திரவதைகளையும் சொல்வது. படித்த வேகத்தில், "நம் பக்கத்துக் கதை, அவசியம் படி" என்று மட்டும் சொல்லி என் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டேன். அவர் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. முன்பாதியில் காட்டையும் சடங்குகளையும் ரசித்துக்கொண்டே போனவர், பின்பாதியைப் படித்துவிட்டு இரண்டு இரவு தூங்கவில்லை. தம்பி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் புத்தகத்தை இன்றும் கொடுக்கிறேன். பின்பாதியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

போன மாட்டை எதற்காக விற்றாய்?

இப்போது ஆளிடம் வருவோம். "உங்களுக்கு எந்த மாதிரிப் புத்தகம் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு வரும் பதில் பெரும்பாலும் பயனில்லாதது. எல்லாம் பிடிக்கும் என்பார்கள், அல்லது பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்ட பெரிய பெயர் ஒன்றைச் சொல்வார்கள். கடைசியாக முடித்த புத்தகம் எது என்று கேட்பது அதைவிட மேல். ஆனால் அதிலும் கொஞ்சம் ஒப்பனை கலந்துவிடும். பாதியில் விட்ட புத்தகத்தைப் பற்றி மட்டும் யாரும் பொய் சொல்வதில்லை, ஏனென்றால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. எந்த இடத்தில் விட்டீர்கள் என்று அடுத்துக் கேளுங்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

கேட்ட உடனே ஆள் கூசுவார். புத்தகத்தை முடிக்காததை ஏதோ கடனைத் திருப்பாததுபோல நினைக்கிறார்கள். ஆகவே முதலில் உங்கள் கதையைச் சொல்லுங்கள். நான் உ.வே.சா.வின் 'என் சரித்திர'த்தை இரண்டு முறை பாதியில் விட்டவன் என்று சொல்வேன். உறவினர் பெயர்களும் ஊர்ப் பெயர்களுமாகப் போகிற ஆரம்ப அத்தியாயங்களிலேயே தடுக்கி விழுந்தேன். மூன்றாம் முறை, அவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க மாயூரம் போகிற இடத்திலிருந்து தொடங்கினேன். ஆசிரியரிடம் மாணவனாகச் சேர்வதற்கு ஒரு பையன் படும் தவிப்பு அங்கே இருக்கிறது. பிறகு நிறுத்த முடியவில்லை. முடித்துவிட்டுத்தான் முதலிலிருந்து படித்தேன். இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே தன் பாதிப் புத்தகத்தை எடுத்து வைப்பார்.

பதில்களைப் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். "முதல் அத்தியாயத்திலேயே இருபது பேர் வந்துவிட்டார்கள்" என்கிறவருக்கு நாவலே ஒத்துவராது என்று முடிவு கட்டாதீர்கள். மூன்று நான்கு பேர் மட்டும் வரும் நாவலாகக் கொடுங்கள். "ஒரே அழுகை" என்றால் வீட்டில் ஏற்கெனவே போதுமான அழுகை இருக்கிறது என்று பொருளாக இருக்கலாம். துருவ வேண்டாம், சிரிக்க வைக்கிற ஒன்றைத் தேடுங்கள். "அந்த ஊர்ப் பேச்சு புரியவில்லை" என்றால் பாவம், அவர் வட்டார வழக்கு நாவலில் மாட்டிக்கொண்டவர். "நேரமில்லை" என்ற பதிலை மட்டும் அப்படியே ஏற்காதீர்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அது மரியாதையான சாக்கு. "நேரம் இருந்த நாளில் எதை எடுத்தீர்கள்?" என்று இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

எப்போது, எங்கே படிக்கிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இரவில் ஒரு பக்கம் தாண்டாது. எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் அக்கா ஒருவர் காலையில் டவுன் பஸ்ஸில் வரும் முக்கால் மணி நேரத்தில்தான் படிப்பார், அதுவும் உட்கார இடம் கிடைத்தால். அவருக்கு ஒரு பயணத்தில் முடிகிற சிறுகதையோ கட்டுரையோ வேண்டும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். தறிச் சத்தத்தில் படிக்க முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலான பாவு தீர்ந்து புதுப் பாவு பிணைக்கும் நாளில் தறி நிற்கும், அன்றைக்குத்தான் அவர் வாசகர். நடுவில் பல நாள் இடைவெளி விழும் என்பதால், விட்ட இழையைச் சட்டென்று பிடிக்க முடிகிற புத்தகமாக இருக்க வேண்டும். இந்த விவரம் தெரியாமல் எவ்வளவு உயர்ந்த நூலைக் கொடுத்தாலும் அது டி.வி. பெட்டிக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு

இதுதான் வேலையிலேயே ருசியான பகுதி. ஒரே வகையில் ஊறிப்போனவரை இன்னொரு வகைக்கு அழைத்துப்போக ஒரு பாலம் வேண்டும். அவருக்கு ஏற்கெனவே பிடித்ததில் ஒரு துளியாவது புதிய புத்தகத்தில் இருக்க வேண்டும்.

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களிடமிருந்து தொடங்குகிறேன். கோவைக்காரரான ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேல் நாவல்கள் எழுதியவர். பஸ் நிலையக் கடையில் அவருடைய மாத நாவலை வாங்கிக்கொண்டு வண்டி ஏறிய தலைமுறை ஒன்று எங்கள் பக்கத்தில் உண்டு. இலக்கியம் பேசுகிறவர்கள் இவர்களைப் பார்த்து உதட்டைச் சுழிப்பது எனக்கு ஒப்புவதில்லை. எடுத்த புத்தகத்தை முடிக்கும் பழக்கம் இவர்களுக்குத்தான் இருக்கிறது. இவர்களிடம் நான் முதலில் நீட்டுவது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்த சின்ன நாவல். கணவனை இழந்த ஒருத்தி குடும்ப நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. கேட்ட நாளிலிருந்து கடைசிப் பக்கம்வரை என்ன நடக்கப்போகிறதோ என்ற பதைப்பு இறங்குவதே இல்லை. இதை "கொங்கு வட்டார இலக்கியத்தின் முன்னோடி" என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். "பங்காளித் தகராறு, முடிவைச் சொல்லமாட்டேன்" என்று சொல்லிக் கொடுத்தால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும்.

'நாகம்மா'ளில் வரும் பேச்சு நம் பாட்டன் பாட்டிகளின் பேச்சு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவே பெரிய இன்பம். நான் கொடுத்த ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு, "இப்படியெல்லாம் புத்தகத்தில் எழுதலாமா?" என்று கேட்டார். கோவையில் ஆங்கிலப் பள்ளியில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ அதே பேச்சு பூட்டு. அவர்களுக்கு இரண்டு வழி உண்டு. உரையாடல்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குப் புரியாதது பல நேரம் காதுக்குப் புரியும். வீட்டில் அமுச்சி (அம்மாவின் அம்மா) இருந்தால் அவருக்கே படித்துக்காட்டச் சொல்லுங்கள். பெருமாள்முருகன் தொகுத்த 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி'யும் இருக்கிறது, 2000இல் வந்தது. ஆனால் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாவல் படிப்பது கல் பொறுக்கிக்கொண்டே சோறு உண்பதைப் போன்றது. நான் அதை ஒரு தனிப் புத்தகமாகவே, சும்மா புரட்டுவதற்காகக் கொடுப்பேன்.

சினிமாப் பைத்தியத்துக்கு? பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்'. திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் கதை. திரையின் மறுபக்கத்தில் இப்படி ஓர் உலகமா என்று ஆள் உள்ளே போய்விடுவார். ஆடு மாடு என்றால் உருகுகிறவருக்கு அதே பெருமாள்முருகனின் 'பூனாச்சி'. ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டிதான் நாயகி. கதை மெல்ல நகரும், கடைசியில் மனம் கனக்கும் என்று சொல்லிவிடுங்கள்.

திருப்பூர்க்காரர்களுக்குத் திருப்பூர் நாவலைக் கொடுப்பது எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தேன். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' சாயக்கழிவு இந்த ஊரை என்ன செய்தது என்பதைச் சொல்வது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல்கடிகை' பனியன் தொழிலோடு வளர்ந்து சிதறும் நண்பர்களின் கதை. இரண்டும் நல்ல நாவல்கள். ஆனால் அயர்ன் மாஸ்டர் ஒருவரிடம் 'மணல்கடிகை'யைக் கொடுத்தபோது அவர் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பகலெல்லாம் பார்ப்பதையே ராத்திரியும் படிக்க வேண்டுமா?" அவருக்கு அடுத்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைக் கொடுத்தேன். 1980களில் எழுதப்பட்டு, 2021இல் நடப்பதாகச் சொல்லப்படும் அறிவியல் கதை. ஜீனோ என்ற இயந்திர நாய் எல்லோரையும்விடப் புத்திசாலியாகப் பேசும். கம்பெனி வாசலில் நின்று அந்த நாயைப் பற்றி அவர் என்னிடம் அரை மணி நேரம் பேசினார். திருப்பூர் நாவல்களை இப்போது வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலையில் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்கிறேன். அவர்கள்தான் ஆவலோடு படிக்கிறார்கள்.

"கதையெல்லாம் பொய், அதைப் படித்து என்ன ஆகப்போகிறது" என்று சொல்லும் மாமாக்கள் எல்லா வீட்டிலும் உண்டு. வாதாடி மாற்ற முடியாது, நிஜத்தைக் கொடுங்கள். மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளையின் தன்வரலாறு 'என் கதை'. "கத்தியின்றி ரத்தமின்றி" எழுதியவர் கவிஞராவதற்கு முன்பு ஓவியராகப் பிழைத்தவர் என்பதே பலருக்குச் செய்தி. காவிரிக்கரைக்காரர் என்றால் சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. ஆற்றோடு கூடவே போகும் பயண நூல். பவானிக்காரர்களும் ஈரோட்டுக்காரர்களும் தங்கள் ஊருக்காகவே பக்கத்தைத் தேடுவார்கள். தாராபுரத்தில் பிறந்த தியடோர் பாஸ்கரனின் சுற்றுச்சூழல் கட்டுரைத் தொகுதி 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' பஸ்ஸில் படிக்கிறவர்களுக்கும் பொருந்தும். அவரே நாட்டு நாய்களைப் பற்றி 'இந்திய நாயினங்கள்' எழுதியிருக்கிறார். தோட்டத்தில் நாய் வளர்க்கிற ஒருவரிடம் அதைக் கொடுத்தேன், இரண்டு வருடமாகிறது, இன்னும் திரும்பவில்லை. அதை நான் வெற்றியாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

வாசிப்பையே இப்போதுதான் தொடங்குகிறவருக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்லச் சொன்னால், நான் யோசிக்காமல் 'யானை டாக்டர்' என்பேன். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் உள்ள கதை. ஆனைமலையில் டாப்ஸ்லிப் காட்டில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி என்ற உண்மை மனிதரைப் பற்றியது. பொள்ளாச்சிக்குப் போய்வந்தவர் எல்லோருக்கும் காடு கண்முன் நிற்கும், ஒரே மூச்சில் முடிந்துவிடும். புழு, அழுகல் பற்றிய விவரணைகள் சில இடங்களில் வரும். சாப்பிட்டுக்கொண்டே படிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கவிதையைச் சிபாரிசு செய்ய முடியாது. படித்துக் காட்டத்தான் முடியும். கோவையில் 1971இல் தொடங்கிய 'வானம்பாடி' இதழின் வரலாற்றையெல்லாம் முதல் நாளே எடுக்காதீர்கள். பொள்ளாச்சிக்காரரான சிற்பியின் 'ஒரு கிராமத்து நதி' 2003இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்ற தொகுப்பு. அதிலிருந்து ஒரு கவிதையை நிதானமாக இருமுறை வாசியுங்கள். கேட்டவர் கையை நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியைக் கையில் கிடைத்த பக்கத்தில் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். சில செய்திகள் பழையவை என்பதைப் பெரியவர்கள் கவனித்துக்கொள்ள வேண்டும்.

மொழிபெயர்ப்புக்குப் பாலம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. 'நாகம்மாள்' எழுதிய அதே சண்முகசுந்தரம்தான் வங்க நாவலான 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழில் தந்தவர். முதலாவது பிடித்தவரிடம், "இதே கை எழுதிய வேறு ஊர்க் கிராமம்" என்று இரண்டாவதைக் கொடுத்தால் வங்காளம் அந்நியமாகத் தெரியாது.

சுழியை முதலில் சொல்லுங்கள்

நல்ல தரகர் மாட்டின் குறைச் சுழியை, அதாவது ஆகாதது என்று கருதப்படும் முடிச் சுழியை, வாங்குபவர் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கமாட்டார். தானே தொட்டுக் காட்டிவிடுவார். அதற்கப்புறம் அவர் சொல்லும் நல்லதை எதிராளி நம்புவார். புத்தகத்துக்கும் அதே முறைதான். "இது வாழ்க்கையையே மாற்றிவிடும்", "இதைப் படிக்காதவன் வாசகனே இல்லை" என்ற இரண்டு வாக்கியங்களையும் உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். முதலாவது நடக்காது, இரண்டாவது ஆளை அவமானப்படுத்துகிறது.

நான் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "அக்கா, இது பெருமாள்முருகனின் முதல் நாவல், 'ஏறுவெயில்'. காலனி கட்டுவதற்காக விவசாயக் காட்டை எடுத்துக்கொள்கிறார்கள், அந்தக் குடும்பம் இடம் பெயர்ந்து எப்படியெல்லாம் ஆகிறது என்பதுதான் கதை. வசவு வார்த்தைகள் வரும், சந்தோஷமான முடிவெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் லே-அவுட் போட்ட கதையைப் போன மாதம் சொன்னீர்கள், அதனால்தான் உங்கள் ஞாபகம் வந்தது." குறை முதலில் வந்துவிட்டது. ஏன் இந்தப் புத்தகம், ஏன் இந்த ஆளுக்கு என்பதும் வந்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆகாது. எங்கள் பக்கத்தில் சாதாரணப் பேச்சையே 'பழமை' என்பார்கள். சிபாரிசும் ஒரு பழமையாக, திண்ணையில் பேசுவதுபோல இருக்க வேண்டும். மேடைப் பேச்சாக மாறிவிட்டால் கேட்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதில் எனக்கு ஒரு அளவு உண்டு: முதல் கால்பங்கில் நடப்பதை மட்டும். அதற்குப் பிறகு வாய் அரித்தால் புத்தகத்தைத் திறந்து முதல் பத்தியை வாசித்துவிடுவேன்.

வட்டத்தில் பேசும்போது இன்னொன்று. ஒருவர் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில், "அதைவிட இது நல்லா இருக்கும்" என்று குறுக்கே நுழைபவர் எல்லா இடத்திலும் இருப்பார். புதிதாக வந்தவர் அதோடு அடுத்த மாதம் வரமாட்டார். உங்கள் முறை வரும்வரை பொறுங்கள்.

ஒன்றுதான், அதுவும் கிடைக்கிற ஒன்றாக

ஐந்து பெயர்களைச் சொன்னால் ஒன்றும் படிக்கப்படாது. ஒன்றைச் சொல்லுங்கள், அது ஒத்துவராவிட்டால் அடுத்து எது என்பதை உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஐந்து பெயர்ப் பட்டியல் அந்த விதிக்கு நேர் விரோதம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பவை இரண்டாவதும் மூன்றாவதும். தரகு வேலைக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

சொல்லும் புத்தகம் எங்கே கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். அச்சில் இல்லாத நூலைப் புகழ்வது ஒருவகைச் சித்திரவதை. முதலில் கிளை நூலகத்தைக் காட்டுங்கள். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு அது. அந்தச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். எங்கள் ஊர்க்காரர் கொண்டுவந்த சட்டம், நாம் கட்டுகிற வரி, ஆனால் நூலகத்தில் உறுப்பினராக இருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம் என்று நான் புலம்பத் தொடங்கினால் வட்டத்தில் எல்லோரும் டீ குடிக்க எழுந்துவிடுவார்கள், ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

வாங்குவதாக இருந்தால் ஜூலையில் கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்கோ, மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் ஈரோட்டில் நடத்திவரும் புத்தகத் திருவிழாவுக்கோ காத்திருக்கச் சொல்லலாம். ஈரோட்டில் பெரும்பாலும் ஆகஸ்டில் நடக்கும். பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். அதைவிடப் பெரிது, எடுத்துப் புரட்டிப் பார்க்கலாம் என்பது. புதியவர்களை அழைத்துக்கொண்டு போனால் முதல் சுற்றில் எதையும் வாங்கவிடாதீர்கள். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, எந்தப் புத்தகம் நினைவில் நிற்கிறதோ அதற்கு மட்டும் திரும்பிப் போகச் சொல்லுங்கள். கையில் காசு குறைவு என்றால் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. அங்கே பட்டியலோடு போகக்கூடாது; கிடைப்பதைக் கொண்டுவர வேண்டும்.

உங்கள் பிரதியையே இரவல் கொடுத்தால் நோட்டில் தேதியும் பெயரும் எழுதுங்கள். திரும்பி வராவிட்டால் மனம் உடைந்துவிடும் என்றிருக்கிற புத்தகத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

கொடுத்த பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்

இது எல்லாவற்றிலும் கடினம். மூன்றாம் நாளே "படித்தாயா?" என்று கேட்டால் புத்தகம் வீட்டுப்பாடமாகிவிடும். அப்புறம் உங்களைக் கண்டாலே ஆள் சந்துக்குள் திரும்பிப் போய்விடுவார். ஒரு மாதம் பொறுங்கள். அவரே எடுத்தால் பேசுங்கள்.

படிக்காமல் திருப்பினாலும், பிடிக்கவில்லை என்றாலும், முகம் சுளிக்காதீர்கள். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' நாவல்மீது எழுந்த எதிர்ப்பும், அதை எழுதிய பெருமாள்முருகன் எழுத்தையே விட்டுவிடுவதாக 2015 ஜனவரியில் அறிவித்ததும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தந்த தீர்ப்பில், பிடிக்காத புத்தகத்தை மூடிவைத்துவிடலாம் என்ற கருத்து வருகிறது. அந்த நாவலை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் திட்டுகிறவர்களிடம் நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை. படித்துவிட்டுத் திட்டுகிறவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவேன். மூடிவைக்கிற உரிமை நாம் புத்தகம் கொடுத்தவருக்கும் உண்டு. எந்தப் பக்கத்தில் மூடினார் என்பதை மட்டும் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த புத்தகத்துக்கான விசாரணை அங்கேயே முடிந்துவிட்டது.

சோமனூர் நண்பர் 'நாகம்மா'ளைத் திருப்பிக் கொடுத்தபோது நடுவில் ஒரு பாவு நூல் அடையாளமாகக் கிடந்தது. அதற்கு மேல் போகவில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். தன் வீட்டிலும் பங்குத் தகராறு நடந்துகொண்டிருப்பதாகவும், இரவில் அதைப் படித்தால் அண்ணன் முகம் வருவதாகவும் சொன்னார். இத்தனை வருடமாகப் பழகியும் எனக்கு அது தெரியாது. 'யானை டாக்டர்' கொடுத்தேன். அடுத்த பாவு பிணைத்த அன்றே முடித்துவிட்டு, பஸ் பிடித்து நேரில் வந்து, தொகுப்பில் மிச்சக் கதைகளையும் கேட்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "எல்லோரையும் கேட்கிறீர்களே, நீங்கள் கடைசியாக எதைப் பாதியில் விட்டீர்கள்?"

ஒரு பெரிய நாவலின் பெயரைச் சொன்னேன். எந்த இடத்தில் என்று கேட்டார். சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பைக்குள் கையை விட்டு, அட்டை கிழிந்த பழைய ராஜேஷ்குமார் நாவல் ஒன்றை எடுத்து நீட்டினார். மறுநாள் ஊத்துக்குளியில் ரயில் ஏறிப் பிரித்தேன். சேலம் வருவதற்குள் முடிந்துவிட்டது.